கருப்பு ஏன் சாம்பலாகிறது?

என் கேள்விக்கு நானே எழுதிய பதிலை யாரோ ஒருவர் எனக்கே அனுப்பி "இதைப் படிங்க" என்று சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முன்னால் எட்டு மாதமாக, எங்கள் குழு ஏன் இப்படிச் செத்துக்கொண்டிருக்கிறது என்று கண்ணில் பட்டவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குழு என்றால் வடிவமைப்பாளர்களின் இணையக் குழு. பெயர் "ஒரு நிமிஷம் பாருங்க". பத்து வருடத்துக்கு முன்னால் நானும் ஓரமும் சேர்ந்து தொடங்கியது. ஓரம் என்பது ஆள்தான். புத்தக அட்டை செய்கிறவர். யார் எதைக் காட்டினாலும் "ஓரத்துல இன்னும் கொஞ்சம் இடம் விடுங்க" என்பார், அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் பெட்டி செய்கிறவள். சோப்புப் பெட்டி, மாத்திரைப் பெட்டி, செருப்புப் பெட்டி. மடித்து ஒட்டுவது வேறு ஆட்கள். பெட்டியின் மேல் எந்த எழுத்து, எந்த நிறம், எது எங்கே என்று மண்டையைக் குடைந்துகொள்வது என் வேலை.

எனக்கு ஆபீஸ் கிடையாது. படுக்கையறை ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு கணினி, வெட்டிப் பார்த்த அட்டைத் துண்டுகள், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் எட்டிப் பார்த்து "இது கண்ண உறுத்துதா?" என்று கேட்க ஆள் கிடையாது. அந்தப் பக்கத்து மேசைதான் எனக்குக் குழு. ஆகவே மாதத்தின் முதல் வாரத்தில் ஓரம் போன் செய்து அந்த வார்த்தையைச் சொன்னபோது கையில் இருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"மாசக் கடைசியில பூட்டிடலாம்னு பாக்கறேன். பழசெல்லாம் படிக்கறதுக்கு அப்படியே இருக்கும். புதுசா யாரும் எழுத முடியாது."

"ஆறாயிரத்து நானூறு பேர் இருக்காங்க."

"இருக்காங்க. இந்த வாரம் எத்தன பேர் எழுதினாங்க, சொல்லுங்க."

மூன்று பேர். அதில் ஒருவர் தன் பழைய நாற்காலியை விற்கப் பார்த்தவர்.

"ஏன்னு தெரியாம பூட்டக் கூடாது," என்றேன்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்குத் தெரியணும்."

"அப்ப முப்பதாம் தேதி வரைக்கும் தேடிப் பாருங்க," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

இது என் பிறவிக் குணம். மிக்ஸி ஓடாமல் நின்றால் கூட ஏன் நின்றது என்று தெரியாமல் தூக்கிப் போட விடமாட்டேன். என் கணவருக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை. அவரே "போனா போகுது, விடு" என்று சொல்வார், நான் விடமாட்டேன்.

குழு ஏன் வாடியது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். புதுப்புது செயலிகள் வந்துவிட்டன, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள் என்றார் ஒருவர். ஒரு வங்கியின் சின்னத்தை முன்வைத்து ஐந்து நாள் நடந்த அந்தப் பெரிய சண்டைதான் காரணம் என்றார் இன்னொருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று மூன்றாமவர் சொன்னார். அவருக்கே முப்பது வயது ஆகவில்லை.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள், எண்ணித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். ஒரு பெரிய வெள்ளைத் தாளை மேசையில் விரித்து, பத்து வருடத்தையும் மாதம் மாதமாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு மாதமும் எத்தனை கேள்வி, எத்தனை பதில் என்று பென்சிலால் குறித்தேன். இரண்டு நாள் ஆனது. கண்ணும் கழுத்தும் போனதுதான் மிச்சம் என்று நினைக்காதீர்கள், வேடிக்கையான சங்கதிகள் கிடைத்தன. சண்டை நடந்த மாதத்தில்தான் ஆட்கள் அதிகம் வந்திருந்தார்கள். சண்டை போட்டவர்கள் இருவரும் அடுத்த வருடம் கூட்டாகத் தொழில் தொடங்கியிருந்தார்கள். புதுச் செயலிகள் வந்த வருடம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் வந்தார்கள்.

கோடு கீழே இறங்கத் தொடங்கியது நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு குறிப்பிட்ட மாதத்தில். சரிவு மெதுவானது, ஆனால் பிறகு ஒருமுறை கூட ஏறவில்லை. அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று தலைகீழாக நின்று பார்த்தேன். கெட்டது ஒன்றுமே நடக்கவில்லை. நல்லது ஒன்று நடந்திருந்தது: என்னுடைய பக்கம் வெளிவந்தது. நல்லதைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். என் அறிவு அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் "கேட்பதற்கு முன்". ஆறு வருடமாகக் குழுவில் திரும்பத் திரும்ப வந்த நாற்பத்தெட்டு கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பதில்களை எல்லாம் படித்து, வடிகட்டி, சரியாக நான்கே வரியில் பதில் எழுதினேன். இரண்டு மாத உழைப்பு. கேள்வி கொட்டை எழுத்தில், பதில் அதன் கீழே, சுற்றிலும் தாராளமாக வெள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரம் ஓரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த பக்கங்களில் அதைச் சேர்த்தது. மற்ற குழுக்கள் பார்த்துக் காப்பியடித்தன. நான் செய்ததிலேயே சிறந்தது எது என்று கேட்டால் எந்தப் பெட்டியையும் சொல்லமாட்டேன், அதைத்தான் சொல்வேன்.

கூடவே ஒரு விதியும் போட்டோம். பக்கத்தில் பதில் இருக்கும் கேள்வியை யாராவது கேட்டால், யார் வேண்டுமானாலும் லிங்க்கைப் போடலாம். லிங்க் விழுந்ததும் அந்தக் கேள்வி தானாகப் பூட்டிக்கொள்ளும், அதன் கீழே வேறு யாரும் எழுத முடியாது. ஒரே கேள்விக்கு வேலை தெரிந்தவர்கள் எத்தனை தடவைதான் பதில் சொல்வார்கள், பாவம் இல்லையா?

இனி என் பெட்டிக்கு வருகிறேன். மெழுகுவர்த்தி செய்யும் ஒரு பெண்மணிக்குப் பழுப்பு அட்டையில் பெட்டி. மேலே பளபளப்பு இல்லாத, சொரசொரப்பான அட்டை. அதன் மீது முழுக்கக் கருப்பு வேண்டும், நடுவில் ஒரு சின்னச் சுடர் மட்டும் அட்டையின் நிறத்திலேயே தெரிய வேண்டும். திங்கட்கிழமை காலை மாதிரி அச்சு வந்தது. திரையில் கன்னங்கரேல் என்று இருந்தது, கையில் அடுப்புச் சாம்பல். சுடர் இருக்கும் இடமே தெரியவில்லை. வியாழக்கிழமை மொத்தமும் அச்சுக்குப் போகிறது. என் பக்கத்தில் நான் எழுதியபடிதான் செய்திருந்தேன்: கருப்பு ஆழமாக வர வேண்டும் என்றால் அதன் அடியில் கொஞ்சம் நீலம், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். அப்படியும் சாம்பல்.

தலையைப் பிய்த்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, குழுவில் கேட்டேன். "திரையில கருப்பா இருக்கு, அச்சுல சாம்பலா வருது. ஏன்?"

இரண்டே நிமிடத்தில் பதில். "இதைப் படிங்க." கீழே லிங்க். போட்டவர் புதிதாக வந்தவர் இல்லை, நான்கு வருட உறுப்பினர். நான் யார் என்று கூடப் பார்க்காமல் போட்டிருக்கிறார். கேள்வியின் கீழே சின்னதாக ஒரு பூட்டுப் படம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பூட்டை வரைந்தவளும் நான்தான். வளைவு சரியாக வரும்வரை பதினோரு தடவை வரைந்தேன்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. இதே கேள்வியை இதற்கு முன்னால் யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று தேடினேன்.

பக்கம் வருவதற்கு முன்னால் முப்பத்தொரு தடவை. முதல் தடவை அறுபத்து நான்கு பதில்கள். கருப்பில் தொடங்கி, மை காயும் நேரத்துக்குப் போய், மழைக்காலத்தில் காகிதம் சுருண்டுகொள்வதற்குப் போய், கடைசியில் இருவர் எழுத்துரு ஒன்றைப் பற்றி மூன்று நாள் கட்டிப் புரண்டிருந்தார்கள். பதினேழாவது தடவை கேட்டவருக்கு அந்த உரையாடலிலேயே வேலை கிடைத்திருந்தது. இருபத்திரண்டாவது தடவை "கருப்பு ஏன் சாம்பலா வருது?" என்று கேட்ட பெண், முப்பதாவது தடவையில் இன்னொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கம் வந்த பிறகு பத்தொன்பது தடவை. லிங்க், பூட்டு. லிங்க், பூட்டு. பத்தொன்பது தடவையும் அதே இரண்டும்தான். கேட்ட பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராகத் தேடினேன். பதினேழு பேர் அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. கேட்க வந்தவர்களைச் சரியான பதில் கொடுத்து வாசலோடு அனுப்பியிருக்கிறேன்.

அந்த முப்பத்தொரு உரையாடல்களிலும் ஒருவர் தவறாமல் இருந்தார். உருளை. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், வடிவமைப்பாளர் இல்லை. தன் மெஷினின் உருளைகளைப் பற்றியே பேசுவார் என்பதால் அந்தப் பெயர். யார் கேட்டாலும் அவருடைய முதல் வரி ஒன்றுதான்: "எந்த பேப்பர்?" அவர் கடைசியாக எழுதியது எப்போது என்று பார்த்தேன். நான்கு வருடத்துக்கு முன்னால், என் பக்கத்தை அறிவித்த பதிவின் கீழே. "ரொம்ப நல்லா இருக்கு அக்கா. என் பேரையும் போட்டிருக்கீங்க. நன்றி." அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு இதயங்கள் விழுந்திருந்தன. அதற்குப் பிறகு அவர் எழுதவே இல்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான் கவனிக்கவில்லை, வெட்கக்கேடு.

பழைய எண் இருந்தது. அடித்தேன். பின்னால் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா! என்ன திடீர்னு? இருங்க, வெளிய வர்றேன்." கதவு சாத்தும் சத்தம். "சொல்லுங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"எல்லாரும் நல்லா இருக்கோம் தம்பி. கருப்பு சாம்பலா வருது."

"எந்த பேப்பர்?"

சொன்னேன். அட்டையின் சொரசொரப்பையும் சொன்னேன்.

"அது மைய குடிக்கற அட்டை அக்கா. நீங்க நாலு கலரும் போட்டா நாலையும் குடிச்சுட்டு மழுங்கலாத்தான் நிக்கும். அடியில எதுவும் வேணாம். வெறும் கருப்பு போடுங்க. நல்லா காஞ்சப்புறம் அது மேலயே இன்னொரு தடவ கருப்பு. அச்சகத்துல முணுமுணுப்பாங்க, விடாதீங்க."

"நான் அந்தப் பக்கத்துல எழுதினபடிதான் செஞ்சேன்."

"அது வழவழ பேப்பருக்கு சரி," என்றார் தயங்கி.

"குழுவுக்கு ஏன் வர்றதே இல்ல?"

"வந்தேன் அக்கா. ரெண்டு மூணு மாசம் தெனமும் வந்தேன். யாராவது கேப்பாங்க, நான் டைப் அடிக்க ஆரம்பிப்பேன். நான் ஒத்த விரல்லதானே அடிப்பேன், மெதுவாத்தான் வரும். அதுக்குள்ள லிங்க் வந்து பூட்டு விழுந்துடும். நான் பாதி அடிச்சது அப்படியே நிக்கும். சரி, நாம சொல்றதத்தான் அக்கா அழகா எழுதி மாட்டிட்டாங்களே, இனிமே நமக்கென்ன வேலன்னு..."

"கோவமா?"

"சேச்சே. அந்தப் பக்கத்த பிரிண்ட் போட்டு மெஷினுக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கேன், என் பேர் இருக்குல்ல. ஒண்ணே ஒண்ணுதான். 'எந்த பேப்பர்'ங்கறத மட்டும் எடுத்துட்டீங்க."

எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு பதிலும் நான்கே வரி. அவருடைய பதிலில் ஐந்தாவது வரியாக அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. பதிலுக்குள் எதற்குக் கேள்வி, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டினேன். வெட்டிவிட்டு, இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்து ரசித்ததும் நினைவிருக்கிறது.

"மறுபடி வருவீங்களா?" என்றேன்.

"பாக்கறேன் அக்கா," என்றார். 'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் போன் மேசை மேல் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் குழு. எழுபது பேர்தான், ஆனால் நாள் முழுக்க ஓயாது.

"இப்ப என்ன கேக்கறாங்க?"

"கம்ப்ரசர் சூடாகுதாம்."

"போன வாரமும் அதத்தானே கேட்டாங்க?"

"போன வாரம் கேட்டது வேற ஆளு. வேற ஃபிரிட்ஜு." சோற்றைப் பிசைந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். "ஞாபகம் இருக்கா, எங்களுக்கும் அந்த மாதிரி ஒரு பக்கம் செஞ்சு தர்றேன்னு சொன்ன."

"நீங்கதான் தள்ளிப் போட்டுட்டே இருந்தீங்க."

"தள்ளிப் போடல. தப்பிச்சிட்டிருந்தேன். மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொன்னா நீ ரெண்டு நாள் பேச மாட்டியே."

கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமைக்குள் புது மாதிரிப் பெட்டி இரண்டு தடவை கருப்பு வாங்கி வந்தது. சுடர் நன்றாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை ஓரத்துக்குப் போன் செய்தேன். "பக்கத்த எடுக்கப் போறேன். பூட்டையும்."

"உங்களுக்கு என்ன ஆச்சு? அது நம்ம குழுவோட முகம். முகத்த எடுத்துட்டு என்னத்த வெச்சுக்கறது?"

"முப்பதாம் தேதி பூட்டத்தானே போறீங்க. அதுவரைக்கும் முகம் இல்லாம இருக்கட்டும்."

எடுத்தேன். இரண்டு மாத உழைப்பு, நான்கு வருடப் பெருமை, எடுக்க ஒரு நொடிதான் ஆனது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம். காலையில் பல் தேய்க்கும் முன்னால் பார்ப்பேன், சமையலுக்கு நடுவில் பார்ப்பேன். நாற்காலிக்காரர் நாற்காலி விற்றுவிட்டதாகச் சொன்னார், அவ்வளவுதான் செய்தி. தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று பயமாக இருந்தது. இருந்த ஒரே அழகான பொருளையும் உடைத்துவிட்டு, காலியான அறையில் உட்கார்ந்திருக்கிறேனோ?

பன்னிரண்டாம் நாள், இருபத்தெட்டாம் தேதி, காலை பதினொரு மணிக்கு ஒரு கேள்வி வந்தது. யாரோ புதியவர், நோட்டுப் புத்தக அட்டை செய்கிறாராம். "கம்ப்யூட்டர்ல நல்ல கருப்பு. பிரிண்ட்ல சாம்பல் மாதிரி வருது. யாராவது சொல்ல முடியுமா?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்தப் புதியவர் போய்விடுவாரோ என்று ஒரு தடவை கையை வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன்.

அப்போது எனக்கு லிங்க் போட்ட அதே ஆள் வந்தார். அவருடைய பழைய பதிவுகளை எல்லாம் பார்த்திருக்கிறேன்; நான்கு வருடத்தில் "இதைப் படிங்க" தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இன்று அவர் எழுதினார்: "இதுக்கு ஒரு பக்கம் இருந்துச்சு, காணோம். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். உங்க திரையோட வெளிச்சம் அதிகமா இருக்கும். குறைச்சுட்டு மறுபடி பிரிண்ட் எடுங்க, சரியாயிடும்."

நூற்றுக்கு நூறு தப்பு. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் அச்சில் மை கூடுமா? உடனே போன் அடித்தது, ஓரம்தான்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா லட்சணத்த? இதுக்குத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்தத் திரும்பப் போடுங்க, இல்ல நீங்களாவது பதில் சொல்லுங்க!"

"ஒரு நிமிஷம் பாருங்க," என்றேன்.

திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி தோன்றியிருந்தது. 'உருளை எழுதிக்கொண்டிருக்கிறார்.' மறைந்தது. மறுபடி வந்தது. ஒற்றை விரல், மெதுவாகத்தான் வரும். நான்கு வருடத்துக்கு முன்னால் பாதியில் நின்றதெல்லாம் என் கண் முன்னால் ஓடியது. இப்போது பூட்டு இல்லை, இல்லை, இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வந்தது. "தப்பு தம்பி. வெளிச்சத்துக்கும் மைக்கும் சம்பந்தமே இல்ல. எந்த பேப்பர்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் கேட்டவர் "பேப்பரா? அதுல என்ன இருக்கு?" என்று போட்டிருந்தார். லிங்க்காரர் "அப்ப நான் சொன்னது ஏன் தப்பு?" என்று மல்லுக்கு நின்றார். எங்கிருந்தோ வந்த மூன்றாவது ஆள் தன் மருமகளின் கல்யாணப் பத்திரிகையில் நடந்த கதையைத் தொடங்கிவிட்டார்.

போனில் ஓரமும் அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "உருளை இன்னும் இருக்காரா?" என்றார். குரல் மாறியிருந்தது. "அப்ப நாளன்னைக்கு... பூட்டறதப் பத்தி..."

"அப்புறம் பேசலாம்," என்றேன். "அவர் இன்னும் டைப் அடிச்சிட்டிருக்கார்."